ரிமார்க்ஸ் கட்டம்: ஒரு தையல் லைனில் பதினைந்து நாள் பயிற்சி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கழுத்து ரிப், அதாவது பனியன் கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை, வைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மாணவர்கள் எடுத்த அளவுகள் இவை. ஒரு பனியனுக்குக் கழுத்து வைக்க ஆன நேரம், எல்லாம் வினாடிக் கணக்கு:

38, 37, 70, 39, 36, 75, 40, 38, 68, 37, 39, 74, 38, 71, 40, 36, 77, 38, 38, 69.

கூட்டினால் 998. இருபதால் வகுத்தால் 49.9. மாணவர்களும் அப்படித்தான் வகுத்தார்கள். அந்த வகுத்தலை நம்பி ஒரு டெய்லரை அவருடைய மெஷினிலிருந்து எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். லைனின் உற்பத்தி ஏறவில்லை, இன்னும் இறங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் தவறு எங்கே என்று தெரிந்தது. மாணவர்கள் வாட்சைத் தவறாக அழுத்தவில்லை, கூட்டல் கழித்தலிலும் பிழை இல்லை. நான் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் தவறு இருந்தது. அதனால்தான் இந்த நிகழ்வை ஆய்வாக எழுதி வைக்க நினைத்தேன். தொழில்துறைப் பொறியியலை ஆரம்ப நிலையில் கற்பிக்கிறவர்களுக்கும், முதல் முறையாகக் கம்பெனிக்குள் போகப்போகும் மாணவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

கல்லூரி, கம்பெனி, ஆட்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை.

மாணவர்கள் என்ன தெரிந்துகொண்டு போனார்கள்

தொழில்துறைப் பொறியியல் என்றால் என்ன என்று முதலாண்டு மாணவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. மெஷினை வடிவமைப்பது இயந்திரப் பொறியாளர் வேலை. அந்த மெஷின், அதில் உட்காரும் ஆள், அவர் கைக்கு வரும் பொருள், அதற்கு ஆகும் நேரம், இவை ஒன்றோடொன்று சரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் 1909-ஐ ஒட்டி இதற்கென்றே ஒரு துறை உருவானது. இந்தியாவுக்கு இந்தப் படிப்பு ஆலைகள் வழியாக வந்தது. 1950-களின் தொடக்கத்தில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் இங்கே வந்து, அகமதாபாத் துணி ஆலைகள் போன்ற இடங்களில் வேலை ஆய்வைச் செய்துகாட்டினார்கள். 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் கழகம் வந்தது. 1963-இல் மும்பை பவாயில் நிட்டி என்ற தேசியத் தொழில்துறைப் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது, 2023-இல் அதுவே ஐ.ஐ.எம். மும்பை ஆனது. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்று தனித்துறை இருக்கிறது. மற்ற பல கல்லூரிகளில் உற்பத்திப் பொறியியலுக்குள் இரண்டு மூன்று பாடங்களாக இருக்கும்.

எங்கள் கல்லூரியில் நான்காம் செமஸ்டரில் வேலை ஆய்வு ஒரு பாடம். மாணவர்கள் அதை முடித்துவிட்டு மே மாத விடுமுறையில் பதினைந்து நாள் இன்பிளான்ட் ட்ரெயினிங் போவார்கள். பாடத்தில் இரண்டு பாகம். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று பார்ப்பது செயல்முறை ஆய்வு. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது நேர ஆய்வு. பரீட்சையில் பதின்மூன்று மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் நேர ஆய்விலிருந்துதான் வரும், கணக்கு இருக்கிறதே. பார்த்த நேரத்தை ரேட்டிங்கால் பெருக்கினால் அடிப்படை நேரம், அதோடு களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் விடும் நேரமான அலவன்ஸைச் சேர்த்தால் நிர்ணய நேரம். இந்தச் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆரம்ப நிலை மாணவனுக்கு இந்தத் துறை என்றாலே ஸ்டாப்வாட்ச் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அந்த ஆண்டு நான் அனுப்பிய நால்வரும் அப்படித்தான் போனார்கள்.

திருப்பூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. வெளிநாட்டு பையர் விலை பேசும்போதே ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிறார், அதை அங்கே ‘சாம்’ என்பார்கள். அதனால் நடுத்தரக் கம்பெனிகளில்கூட ஐ.இ. (தொழில்துறைப் பொறியியல்) பிரிவு என்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எங்கள் மாணவர்களில் பலருக்கு முதல் வேலை அங்கேதான் கிடைக்கிறது.

லைன்

வட்டக் கழுத்து டி-சர்ட் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு டெய்லர், ஐந்து கைமடி. கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக்கொடுத்து, மடித்து, அடுத்த மெஷினுக்குத் தள்ளும் ஆள். பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள். ஷோல்டர் ஜாயின்ட், கழுத்து ரிப், அதன் மேல் டாப் தையல், கை மடிப்பு, கை ஜாயின்ட், சைடு, கடைசியாக பாட்டம் மடிப்பு என்று லைன் போகும். அப்புறம் பிசிறு வெட்டி செக்கிங்.

மணிக்கு 80 பீஸ் இலக்கு. லைனின் தலைமாட்டில் மாட்டியிருந்த மணிக்கணக்குப் போர்டில் 62, 63, 61 என்றுதான் எழுதியிருந்தது. ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது, லைன் முழுவதும் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. உற்பத்தி மேலாளர் மாணவர்களை அழைத்து, எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அதுதான் உங்கள் ப்ராஜெக்ட் என்றார். நல்ல ப்ராஜெக்ட்தான். எனக்குப் போனில் சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன்.

எங்கே தேங்குகிறது என்று பார்க்க அளக்கவே தேவையில்லை. கழுத்து ரிப் மெஷினுக்கு முன்னால் ஷோல்டர் அடித்த பீஸ்கள் மலையாகக் கிடந்தன. அடுத்த மெஷினில் டாப் தையல் டெய்லர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆக இடம் தெரிந்துவிட்டது, காரணம்தான் தெரிய வேண்டும்.

கழுத்து ரிப் வைத்துக்கொண்டிருந்த அக்கா பதினோரு வருடமாக அதே வேலை பார்க்கிறவர். பனியனில் கஷ்டமான ஆபரேஷன் கழுத்துதான். ரிப் வளையத்தைக் கழுத்து வட்டத்தைவிடச் சற்றுச் சின்னதாக வெட்டுவார்கள், அப்போதுதான் போட்டுக்கொள்ளும்போது படிந்து நிற்கும். அந்த வித்தியாசத்தை வட்டம் முழுக்கச் சீராக இழுத்துப் பரப்பித் தைக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் கழுத்து சுருங்கும், குறைத்து இழுத்தால் வாய் பிளக்கும். மெஷின் சொல்லிக்கொடுக்காது, விரலுக்குத்தான் தெரிய வேண்டும். லைனில் கழுத்து வைக்கிறவர் என்றால் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு.

அளவு எடுத்த நாள்

மூன்றாம் நாள் காலை நால்வரும் எழுதும் அட்டையில் பொருத்திய ஸ்டாப்வாட்ச்சோடு அந்த அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஒருவர் வாட்சை அழுத்த, ஒரு மாணவி எழுத, மற்ற இருவர் பார்த்தார்கள். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆய்வின்போது வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது, அதைப் பேசவே கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அளப்பதற்கு முன்னால் அவரிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அந்த வரியிலிருந்து பரீட்சையில் கேள்வி வருவதில்லை.

இருபது அளவு எடுத்தார்கள். சராசரி 49.9 வினாடி. அடுத்தது ரேட்டிங். வேலை செய்பவர் சாதாரண வேகத்தில் செய்கிறாரா, மெதுவாகவா, வேகமாகவா என்று பார்ப்பவர் தன் கணிப்பால் ஒரு எண் கொடுப்பதுதான் ரேட்டிங். 100 என்றால் நிர்ணய வேகம். வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள் இரண்டு: தட்டையான தரையில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பது, 52 சீட்டை நான்கு கட்டாக 0.375 நிமிடத்தில், அதாவது இருபத்திரண்டரை வினாடியில் பிரித்துப் போடுவது. இரண்டையும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். மாணவர்கள் யாரும் நடந்தும் பார்க்கவில்லை, சீட்டுப் போட்டும் பார்க்கவில்லை.

அவர்கள் கொடுத்த ரேட்டிங் 80. அலவன்ஸ் 15 சதவீதம். கணக்கு இப்படி வந்தது: 49.9 × 0.80 = 39.9. அதோடு 15 சதவீதம் சேர்த்தால் 45.9 வினாடி. ஒரு மணிக்கு 78 பீஸ். இலக்கு 80, வந்த விடை 78. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று நால்வருக்கும் திருப்தி.

பிறகு நான் துருவிக் கேட்டபோதுதான் வாட்சை அழுத்திய மாணவன் ஒப்புக்கொண்டான். முதலில் 100 என்றுதான் போட்டிருக்கிறான். மணிக்கு 62 என்று வந்திருக்கிறது. இலக்கு தப்பாக இருக்காது, அப்படியானால் அந்த அக்காதான் மெதுவாகச் செய்கிறார் என்று நினைத்து 80 ஆக மாற்றியிருக்கிறான். விடை தெரிந்துகொண்டு எண்ணைத் தேடுவது இது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சைக் கணக்கில் ரேட்டிங் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அதை அவனே தீர்மானிக்க வேண்டிய நிலை அவனுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. உண்மையில் அவன் முதலில் கண்ட 62 தான் போர்டில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. அந்தப் பொருத்தத்தை அவன் கவனித்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் ஒரு பக்க அறிக்கை மேலாளர் கைக்குப் போனது: கழுத்து ரிப் ஆபரேஷனில் நிர்ணய நேரம் 45.9 வினாடி, இப்போதைய டெய்லரின் திறன் 80 சதவீதம், பயிற்சி தேவை அல்லது ஆள் மாற்றம் தேவை. ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்த மேலாளர் அன்று மதியமே அந்த அக்காவை சைடு ஜாயின்ட்டுக்கு மாற்றி, வேறு லைனிலிருந்து ஒருவரைக் கழுத்துக்கு உட்கார வைத்தார்.

அடுத்த நாள் போர்டில் 55, 54, 56.

எழுதியும் விட்டுப்போனது

ஏழாம் நாள் நான் போனேன். கைக்காகிதங்களை எடுத்து வரச் சொன்னேன். கணினியில் அடித்த தாளில் இருபது எண்ணும் சராசரியும் மட்டும் இருந்தன. கைக்காகிதத்தில் அதற்கு மேலும் இருந்தது. எழுதிய மாணவி கடைசிக் கட்டத்தில், ரிமார்க்ஸ் என்று அச்சடித்திருந்த இடத்தில், பென்சிலில் சில வார்த்தைகள் எழுதி வைத்திருந்தாள். 70-க்கு நேராக “ரிப் தேடினார்”. 75-க்கு நேராக “ரிப் இழுத்துப் பார்த்து ஓரமாக வைத்தார், வேறு எடுத்தார்”. 68-க்கு நேராக “ரிப்”. இப்படி ஏழு இடத்தில். மற்ற பதின்மூன்று கட்டமும் காலி.

அந்த ஏழைத் தனியாக எடுத்துக் கூட்டினோம்: 504. ஏழால் வகுத்தால் 72 வினாடி. மீதிப் பதின்மூன்றும் 494, வகுத்தால் 38 வினாடி. மறுபடி அந்த இருபது எண்ணையும் பாருங்கள். ஒன்று 36-லிருந்து 40-க்குள், இல்லையென்றால் 68-லிருந்து 77-க்குள். நடுவில் ஒன்றும் இல்லை. 50 வினாடியில் தைத்த பனியன் அந்த இருபதில் ஒன்றுகூட இல்லை. நடக்காத ஒன்றைச் சராசரி என்று எழுதி, அதன் மேல் ரேட்டிங்கையும் அலவன்ஸையும் ஏற்றி, ஒருவருக்குத் திறன் 80 என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறார்கள்.

கணினியில் அடிக்கும்போது இதை ஏன் விட்டாய் என்று கேட்டேன். “சார், நீங்க கொடுத்த ஃபார்மட்ல அந்தக் காலம் இல்ல” என்றாள். உண்மைதான். கணக்குப் போடும் தாளை நான் தயாரித்திருந்தேன், எண்கள் மட்டும் போதும் என்று.

நேராக அந்த அக்காவிடம் போனோம். நால்வரும் முதலில் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, சைடு தையலை முடித்துவிட்டு என்னிடம்தான் பேசினார். “நேத்து முந்தாநாளு இல்லீங்க, ரிப்பு வந்த அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொன்னனுங்க. குட்டையா வருதுன்னு. இழுத்து வெச்சுத் தெச்சா கழுத்து சுருங்கி செக்கிங்ல திரும்பி வரும். அதனால நல்லதாப் பாத்துப் பாத்து எடுத்தனுங்க.” பக்கத்தில் நின்ற கைமடிப் பெண்ணும் தலையாட்டினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த பண்டிலிலிருந்து முப்பது ரிப்பை எடுத்து டேப்பில் அளந்தோம். 42 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாற்பதரையிலிருந்து 42 வரை எல்லா அளவிலும் இருந்தன. மாற்றாக வந்தவர் தேடாமல் கைக்கு வந்ததை வைத்துத் தைத்திருக்கிறார். அதில் பாதி செக்கிங்கிலிருந்து திரும்பி வந்து, பிரித்து மறுபடி வைக்க வேண்டியிருந்தது. மணிக்கு 55 ஆக இறங்கியது அதனால்தான்.

காரணம் கட்டிங்கில் இருந்தது. லைக்ரா கலந்த ரிப் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். ரோலைப் பிரித்து விரித்து வைத்தால் மெதுவாகத் தன் அளவுக்குச் சுருங்கி அடங்கும். அதற்கு ஒரு ராத்திரியாவது, முடிந்தால் ஒரு முழு நாள் விட வேண்டும். இந்த ஆர்டரில் துணி தாமதமாக வந்ததால், கட்டிங் மாஸ்டர் அன்று மாலை வந்த ரோலை அன்றைக்கே பிரித்து வெட்டிவிட்டார். வெட்டியது சரியான அளவில்தான். வெட்டிய பிறகு துணி சுருங்கியது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி.

புது லாட்டை ராத்திரி முழுக்க விரித்துப் போட்டு, காலையில் வெட்டிக் கொடுத்தார்கள். அக்கா கழுத்துக்குத் திரும்பினார். நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி அளந்தோம், இந்த முறை அவரிடம் சொல்லிவிட்டு. ரிப்பும் பீஸும் எடுக்க 5 வினாடி, ஜாயின்ட்டைப் பொருத்த 9, தைக்க 20, தள்ள 4. மொத்தம் 38. ரேட்டிங் 100, அலவன்ஸ் 15 சதவீதம் சேர்த்தால் 43.7. மணிக்கு 82 பீஸ். இலக்குக்கு மேலேயே.

லைன் 82-க்குப் போகவில்லை. 74, 75-இல் நின்றது. இப்போது பாட்டம் மடிப்பில் தேங்க ஆரம்பித்தது. அங்கே 41 வினாடி, அலவன்ஸோடு 47, மணிக்கு 76. ஒரு அடைப்பை எடுத்தால் அடுத்த அடைப்பு தெரியும் என்பதை வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, அங்கே அரை நாளில் ஏறியது. அதையும் சரிசெய்ய மாணவர்களுக்கு ஆசை. பதினைந்து நாள் முடிந்துவிட்டது.

வாட்ச் ஏன் கடைசியில் வர வேண்டும்

இந்தத் தவறு எங்கள் மாணவர்களோடு தொடங்கியதல்ல. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். நேர ஆய்வைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லரின் முறைப்படி ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதுதான் உடனடிக் காரணம். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தது. 1915-இல் ராணுவ ஆயுதச் சாலைகளில் ஸ்டாப்வாட்ச் நேர ஆய்வுக்கு அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று நிதிச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதை நான் இருபது மதிப்பெண் வரலாறாகச் சொல்லிவந்திருக்கிறேன். அந்த வார்ப்புத் தொழிலாளிக்கும் எங்கள் அக்காவுக்கும் நடந்தது ஒன்றுதான் என்று எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆனது.

இன்னொரு பக்கம், வேலையில் கை அசைவுகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிராங்க் கில்பிரெத். கல்லூரிக்குப் போக வாய்ப்பு இருந்தும் 1885-இல் பதினேழு வயதில் கொத்தனார் வேலை பழகச் சேர்ந்தவர். சொல்லிக்கொடுத்த கொத்தனார்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைப்பதைக் கவனித்தார். ஒரு செங்கல் வைக்கப் பதினெட்டு அசைவு தேவைப்பட்டதை ஐந்துக்குள் கொண்டுவந்தார். செங்கல் அடுக்கைக் கொத்தனாரின் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கும் சாரம் அதில் முக்கியமானது. குனிந்து குனிந்து இடுப்பு நோகாமல் யாருக்கும் அது தோன்றாது. அவருடைய மனைவி லில்லியன் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியரானார். வேலை செய்பவரின் களைப்பையும் மனத்தையும் இந்தத் துறைக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரம்ப நிலையில் கற்றுக்கொள்ள வேண்டிய வரிசை இவர்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் கை, பிறகு கண், அப்புறம் வாய் திறந்து கேட்பது, கடைசியில் வாட்ச். நான் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பதினைந்து நாள் போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களைக் கொண்டு ஒரு முறையைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை, இப்படி ஆறு வருடம். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்புகள் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டு இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தன. எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது கைக்கு எட்டாது. ஆனால் பதினைந்து நாளை எப்படிச் செலவழிப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மாற்றியவை

அடுத்த ஆண்டிலிருந்து, பயிற்சியின் முதல் இரண்டு நாள் வாட்சுக்கு இடமில்லை. கழிவுத் துணியை வைத்து ஓவர்லாக் மெஷினில் மாணவர்கள் உட்கார வேண்டும். பத்து ரிப் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தும் கோணலாக வரும், பரவாயில்லை. ரிப்பை இழுத்துப் பரப்புவது என்றால் என்ன என்று விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால், அந்த வேலைக்கு 80 ரேட்டிங் போட அதன் பிறகு கை தயங்கும். மூன்றாம் நாள் ஒரு பண்டிலின் பின்னாலேயே கட்டிங் மேஜையிலிருந்து செக்கிங் வரை நடந்து, அது போன பாதையை வரைய வேண்டும். எங்கே எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று குறிக்க வேண்டும். நாங்கள் தேடிய காரணம் தையல் லைனிலேயே இல்லை, ஒரு தளம் கீழே இருந்தது. பண்டிலோடு நடந்திருந்தால் மூன்றாம் நாளே கட்டிங் மாஸ்டரைப் பார்த்திருப்பார்கள்.

அளப்பதற்கு முன்னால் மெஷினில் இருப்பவரிடம் மூன்று விஷயம் பேச வேண்டும்: நாங்கள் யார், எதற்கு அளக்கிறோம், இந்த எண் யாரிடம் போகும். அப்புறம் ஒரு கேள்வி: “இந்த வேலையில உங்களுக்கு எது இடைஞ்சலா இருக்குங்க?” அந்தக் கேள்விக்கு வந்த பதிலை அப்படியே அவர் வார்த்தையில் எழுத வேண்டும். எங்களுக்கு அதுவரை கிடைத்த நல்ல ப்ராஜெக்ட் தலைப்புகளைவிட, இந்தப் பதில்களிலிருந்து வந்தவை நன்றாக இருக்கின்றன.

தாளில் ரிமார்க்ஸ் கட்டத்தைப் பெரிதாக்கினோம், கணினித் தாளிலும் சேர்த்தோம். சராசரி போடுவதற்கு முன் எல்லா அளவையும் ஒரு கோட்டில் புள்ளியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கட்டாயம். அந்த இருபது எண்ணைப் புள்ளியாக வைத்தால் இரண்டு குவியல் தெரியும், ஐந்து வயதுக் குழந்தைகூடக் காட்டிவிடும். நான்காம் செமஸ்டர் புள்ளியியலில் இதற்கு நூறு பக்கம் படித்துவிட்டுத்தான் இவர்கள் வந்திருந்தார்கள்.

ரேட்டிங்குக்காக வகுப்பிலேயே சீட்டுக்கட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஒருவர் போட, மற்றவர்கள் வாட்ச் பார்க்காமல் ரேட்டிங் எழுத, அப்புறம் ஒப்பிடுவது. முதல் வாரம் ஒரே கைக்கு 70-லிருந்து 120 வரை எழுதினார்கள். நான்கு வாரத்தில் நெருங்கி வருகிறார்கள். இலக்கு எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ரேட்டிங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது.

அறிக்கையில் தனி ஆளின் திறன் இத்தனை சதவீதம் என்று எழுதக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டாம் ஆண்டு மாணவனின் பதினைந்து நாள் கணிப்பு ஒருவரின் இடத்தை மாற்றும் அளவுக்குப் போகக் கூடாது. இதில் ஒரு கம்பெனி மேலாளர் எங்களோடு உடன்படவில்லை, ஆள் வாரியாக எண் கொடுத்தால்தான் தனக்குப் பயன் என்றார். அந்தக் கம்பெனிக்கு மாணவர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மதிப்பெண் இன்னும் அறிக்கையின் பக்க எண்ணிக்கைக்கும் வரைபடத்துக்கும்தான் போகிறது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சூத்திரத்தைக் கேட்கிறார், எத்தனை சதவீதம் முன்னேற்றம் என்று கேட்கிறார். பண்டிலோடு நடந்த பாதை வரைபடத்தை ஒரு நொடி பார்த்துப் புரட்டிவிடுகிறார். சீசன் உச்சத்தில் மெஷினை மாணவர்களுக்கு விட எந்தக் கம்பெனியும் தயங்குகிறது, அதிலும் நியாயம் இருக்கிறது. அலவன்ஸ் விஷயத்தில் நாங்களே தெளிவாக இல்லை. வேலை ஆய்வுப் பாடத்தின் அட்டவணையில் சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4 என்று இருக்கிறது. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பத்தாவது மணி நேரத்தில் அந்த 4 போதுமா என்று மாணவர்கள் கேட்டால், போதாது என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. எவ்வளவு கூட்டுவது என்று சொல்ல முடியவில்லை.

அந்த அக்கா இரண்டு நாள் கழித்துத்தான் மாணவர்களோடு பேசினார். ரிமார்க்ஸ் எழுதிய மாணவியை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, “நீ எழுதி வெச்சியாமே கண்ணு” என்று கேட்டாராம். கிளம்பும் நாளில் என்னிடம் சொன்னார்: “அடுத்த வருசம் பசங்களக் கூட்டிட்டு வந்தா மொதல்ல என்ற மெசின்ல உக்கார வெச்சிருங்க சார். அப்புறம் வாட்சு புடிக்கட்டும்.” முதல் இரண்டு நாள் திட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் அந்த இரண்டு நாள் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஷிப்ட் கூலியைக் கம்பெனி கொடுத்துவிடுகிறது. கல்லூரியிலிருந்து கௌரவ விரிவுரையாளர் தொகை வாங்கித்தர விண்ணப்பம் போட்டேன். படிவத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம், குறைந்தது முதுகலைப் பட்டம் வேண்டும் என்று கீழே குறிப்பு. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்தக் கட்டத்தில் “எட்டாம் வகுப்பு, கழுத்து ரிப்பில் அனுபவம் அன்று பதினோரு ஆண்டு, இன்று பதினான்கு” என்று எழுதி அனுப்பினேன். ஒரு முறை திரும்பி வந்தது. இந்த ஜூனில் அதே வரியை எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன்.